34 கேப்ஸ்யூல், ஓர் உயிர்: கிரேடியஸ் கேம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

மேலே, மேலே, கீழே, கீழே, இடது, வலது, இடது, வலது, பி, ஏ. கோனாமி என்ற ஜப்பானிய கேம் நிறுவனத்தின் பெயரால், கோனாமி கோட் என்று உலகம் முழுக்கத் தெரிந்த பட்டன் வரிசை இது. கான்ட்ரா என்ற சுடும் கேமை விளையாடியவர்களுக்கு 30 உயிர் தரும் குறுக்குவழியாக இது மனப்பாடம். ஆனால் கான்ட்ரா கன்சோலுக்கு வருவதற்கு இரண்டு வருடம் முன்பே, 1986ல், வேறொரு கேமுக்குள் இந்த வரிசை ஒளிந்திருந்தது. கோனாமியின் கிரேடியஸ் என்ற விண்வெளிச் சுடும் கேமை, நாணயம் போட்டு ஆடும் ஆர்கேட் மெஷினிலிருந்து வீட்டு டிவியில் ஆடும் ஃபேமிகாம் கன்சோலுக்கு மாற்றிக்கொண்டிருந்தவர் கசுஹிசா ஹாஷிமோட்டோ. சோதித்துப் பார்க்க உட்கார்ந்தால் கேம் அவரையே முடிக்க விடவில்லை. அதனால் தன் வசதிக்காக இந்த வரிசையை உள்ளே வைத்தார்.

இதைச் சுவாரசியமான துணுக்காகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். எனக்கு இது ஒரு தடயமாகப் படுகிறது. கேமின் உள்ளே எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆள் அதை முடிக்கத் திணறுகிறார் என்றால் சிக்கல் எங்கே இருந்தது? கிரேடியஸை 40 வருடமாக நினைவில் வைத்திருக்கும் அதே சிறந்த யோசனைக்குள்தான் அந்தச் சிக்கலும் இருந்தது என்பது என் கருத்து. ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை கிரேடியஸ் ஆட்டக்காரரிடம் கொடுத்தது. கொடுத்ததை எல்லாம் ஒரே சாவில் திரும்பப் பிடுங்கிக்கொண்டது. பின்னால் வந்த கேம்களின் மீது அது செலுத்திய தாக்கத்தில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் நடுவே நடந்த இழுபறிதான்.

ஸ்கிராம்பிள் போட்ட பாதை

கோனாமி 1981ல் ஸ்கிராம்பிள் என்ற ஆர்கேட் கேமை வெளியிட்டது. விமானம் வலப்பக்கமாகப் பறந்துகொண்டே இருக்கும், தரை கீழே தானாக ஓடும். முன்னால் சுடத் துப்பாக்கி, கீழே போடக் குண்டு. எரிபொருள் குறைந்துகொண்டே வரும். தரையில் இருக்கும் எரிபொருள் தொட்டிகளைச் சுட்டால் அது ஏறும். பல பகுதிகளாகப் பிரிந்த பாதை, போகப் போகக் குறுகும் சுரங்கம் என்று அந்தக் காலத்துக்கு அது நல்ல முன்னேற்றம். ஆனால் முதல் நொடியில் கையில் இருந்த ஆயுதம்தான் கடைசி நொடியிலும் இருக்கும்.

சில வருடம் கழித்து ஹிரோயாசு மச்சிகுச்சி தலைமையில் ஒரு குழு இதன் அடுத்த பாகத்தைத் திட்டமிடத் தொடங்கியது. ஆரம்பக் காலத் திட்டத்தாள்களில் இருந்த பெயரே ‘ஸ்கிராம்பிள் 2’தான். அப்போது ஜப்பானின் ஆர்கேட் கூடங்களைக் கலக்கிக்கொண்டிருந்தது நாம்கோவின் செவியஸ். அது மேல்நோக்கி ஓடும் கேம். அதைத் தாண்ட வேண்டும் என்பதுதான் மச்சிகுச்சி குழுவின் ஆசை. ஆனாலும் ஸ்கிராம்பிளின் பக்கவாட்டு ஓட்டத்தை அவர்கள் விடவில்லை.

அந்த முடிவு சாதாரணமானதாகத் தெரியலாம். மேல்நோக்கி ஓடும் கேமில் நிலம் என்பது பெரும்பாலும் கீழே விரித்த படம். கப்பல் அதன் மேல் பறக்கும், இடிக்காது. பக்கவாட்டில் ஓடும்போது தரையும் கூரையும் சுவராகிவிடுகின்றன. எதிரியின் குண்டுக்கு விலகப் போய் மலையில் மோதிச் சாகலாம். எனவே கப்பல் எவ்வளவு வேகமாக நகர்கிறது, எந்தக் கோணத்தில் சுடுகிறது என்பதெல்லாம் உயிர் போகும் விஷயமாகிறது. ஆயுதத் தேர்வுக்குக் கனம் வருவது இங்கேதான்.

1985 மே மாதம் ஜப்பானில் கிரேடியஸ் வெளியானது. வெளிநாடுகளில் அதன் பெயர் நெமசிஸ். ஆட்டக்காரர் ஓட்டும் கப்பல் விக் வைப்பர். முதலில் அது ஓடிய வன்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். சாதாரண ரோம் சில்லுக்குப் பதிலாக, காந்தக் குமிழி நினைவகம் என்ற தொழில்நுட்பத்தை கோனாமி பயன்படுத்தியது. பபிள் சிஸ்டம் என்று அதற்குப் பெயர். அந்த நினைவகம் ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமானால் முதலில் சூடேற வேண்டும். எனவே ஸ்விட்சைப் போட்டதும் கேம் தொடங்காது. திரையில் எண்கள் இறங்கிக்கொண்டே வர, ‘மார்னிங் மியூசிக்’ என்ற மென்மையான இசை ஓடும். கூடத்தைக் காலையில் திறக்கும்போது மெஷின் விழிப்பதற்கென்றே ஓர் இசை. நினைவகம் விலை கூடியது, பக்கத்தில் காந்தப்புலம் இருந்தால் கெட்டுப்போகும் ஆபத்தும் உண்டு. அந்தத் தொழில்நுட்பம் நிலைக்கவில்லை. அந்த இசை மட்டும் ரசிகர்களிடம் தங்கிவிட்டது.

இசை என்றதும் மிகி ஹிகஷினோவைச் சொல்லாமல் போக முடியாது. மாணவியாக இருக்கும்போதே பகுதி நேர வேலையாக கோனாமியில் சேர்ந்து இந்த கேமுக்கு இசையமைத்தவர். ஒரே மெட்டு கடைசிவரை ஓடுவதற்குப் பதிலாக நிலைக்கு நிலை மெட்டு மாறியது. பத்து வருடம் கழித்து சுய்கோடன் கேமின் இசையால் இன்னும் பெரிய பெயர் வாங்கினார்.

ஆறு கட்டங்கள்

இப்போது மையமான விஷயம். கிரேடியஸின் திரைக்கு அடியில் ஆறு கட்டங்கள் வரிசையாக இருக்கும். வேகம், ஏவுகணை, டபுள், லேசர், ஆப்ஷன், கடைசியில் வெறும் கேள்விக்குறி. ஆப்ஷன் என்பது கப்பலோடு சேர்ந்து சுடும் துணை உருண்டை, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். கேள்விக்குறி என்பது கப்பலின் முன்னால் நிற்கும் கவசம். டபுள் என்றால் நேராக ஒன்று, சாய்வாக மேலே ஒன்று என இரண்டு குண்டு. டபுளும் லேசரும் ஒன்றாக இருக்க முடியாது, ஏதாவது ஒன்றுதான்.

எதிரிக் கூட்டம் ஒன்றை முழுதாக அழித்தாலோ, சிவப்பாக வரும் எதிரியைச் சுட்டாலோ ஒரு கேப்ஸ்யூல் விழும். அதை எடுத்ததும் எந்த ஆயுதமும் கிடைத்துவிடாது. அடிக் கட்டங்களில் வெளிச்சம் ஒரு படி நகரும், அவ்வளவுதான். முதல் கேப்ஸ்யூலில் வேகம் ஒளிரும், இரண்டாவதில் ஏவுகணை, மூன்றாவதில் டபுள். ஒளிரும் கட்டம் வேண்டும் என்றால் அதற்கான பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தியதும் ஆயுதம் கைக்கு வரும், வெளிச்சம் அணைந்து எண்ணிக்கை முதலில் இருந்து தொடங்கும். அழுத்தாமல் கேள்விக்குறியையும் தாண்டி இன்னொரு கேப்ஸ்யூல் எடுத்தால் வெளிச்சம் மறுபடி வேகத்துக்கே திரும்பிவிடும்.

ஏலச்சீட்டு போடுகிறவர்களுக்கு இந்த மனநிலை நன்றாகத் தெரியும். முதல் மாதமே தள்ளி எடுத்துக் கைக்கு வந்ததை வைத்துச் சமாளிப்பதா, கடைசிவரை பொறுத்துப் பெரிய தொகையாக வாங்குவதா? கிரேடியஸில் அந்தக் கணக்கு பறந்துகொண்டும் சுட்டுக்கொண்டும் இருக்கும்போதே மண்டைக்குள் ஓட வேண்டும். இரண்டு கேப்ஸ்யூல் இருக்கிறது, ஏவுகணையை எடுத்துவிடலாம். ஆனால் இன்னும் மூன்று கிடைத்தால் ஆப்ஷன். எதிரே எரிமலை வரப்போகிறது, அதற்குள் மூன்று கிடைக்குமா?

அதுவரை வந்த சுடும் கேம்களில் இப்படி யோசிக்க வேண்டிய அவசியமே அநேகமாக இருந்ததில்லை. 1981ல் வந்த கேலகாவில், எதிரி பிடித்துப்போன நம் கப்பலை மீட்டால் இரட்டைக் கப்பலாகும். அதிலும் ஒரு சூதாட்டம் உண்டு, ஆனால் கிடைப்பது ஒரே பரிசு. கிரேடியஸில் ஒரே கேப்ஸ்யூல் ஆறு விதமான எதிர்காலமாக மாறலாம். எப்படி வளர வேண்டும் என்பதை கேம் முடிவு செய்யவில்லை, நாம் முடிவு செய்தோம். இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று சொல்லத்தான் இவ்வளவு விவரமும். இன்று எந்த கேமை எடுத்தாலும் திறமைப் பட்டியலில் எதை முதலில் ஏற்றுவது என்று யோசிக்கிறோம். அந்த யோசனையை ரிஃப்ளெக்ஸ் மட்டுமே போதும் என்றிருந்த வகைக்குள் 1985லேயே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

விலைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம், பின்னால் தேவைப்படும். ஒவ்வொரு ஆயுதத்தின் விலையும் அதன் கட்டத்தின் எண்தான். வேகம் 1, ஏவுகணை 2, லேசர் 4, ஆப்ஷன் 5, கவசம் 6. நன்றாக ஆடுகிற ஒருவர் பொதுவாக வேகத்தை இரண்டு முறை ஏற்றுவார், ஏவுகணையும் லேசரும் எடுப்பார், நான்கு ஆப்ஷனையும் சேர்ப்பார், கவசத்தோடு முடிப்பார். 2, 2, 4, 20, 6. மொத்தம் 34 கேப்ஸ்யூல். இந்த எண் எந்தக் கையேட்டிலும் இல்லை, கட்டங்களை எண்ணிக் கூட்டினால் வருவது. ஒரு முழுமையான விக் வைப்பரின் விலை அது.

பின்தொடரும் ஆப்ஷன்

இந்த 34ல் 20 ஆப்ஷனுக்கே போகிறது என்பதைக் கவனியுங்கள். ஆப்ஷன் என்பது கப்பலைப் பின்தொடரும் ஒளிரும் உருண்டை. நாம் சுடும்போது அதுவும் அதே ஆயுதத்தால் சுடும். குண்டு பட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. நான்கு உருண்டை சேர்ந்தால் ஐந்து கப்பல்கள் ஒன்றாகச் சுடுவது போன்ற பலம்.

அழகு அது நகரும் விதத்தில் இருக்கிறது. கப்பலோடு கட்டிவைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு வராது. கப்பல் சற்று முன்பு எங்கே இருந்ததோ அங்கே இப்போது முதல் உருண்டை இருக்கும், அதற்கும் முன்பு இருந்த இடத்தில் இரண்டாவது. கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்: கப்பலின் கடந்த இடங்களை ஒரு பட்டியலில் வரிசையாகச் சேமித்து, அந்தப் பட்டியலின் பழைய வரிகளில் உருண்டைகளை நிறுத்தினால் இந்த அசைவு வந்துவிடும். முக்கியமான நுணுக்கம் என்னவென்றால் கப்பல் நின்றால் உருண்டைகளும் நின்றுவிடும். நெருங்கி வந்து ஒட்டாது.

இதனால் என்ன ஆகிறது? மேலும் கீழுமாக அசைந்து நிறுத்தினால் உருண்டைகள் செங்குத்தாக விரிந்து திரையின் உயரம் முழுக்கச் சுடும் சுவராக நிற்கும். வலப்பக்கம் போய்த் திரும்பி வந்தால் ஒரு உருண்டை நமக்கு முன்னால் நிற்கும். மலைக்குள் மறைந்திருக்கும் பீரங்கியைப் பாறையின் உள்ளிருந்தே சுடலாம். ஆட்டக்காரர் பறக்கும் பாதையே அவருடைய ஆயுதத்தின் வடிவமாகிறது. இதற்கென்று தனிப் பட்டன் இல்லை, விளக்கக் குறிப்பு இல்லை. சுடும் கேம் வடிவமைப்பில் இவ்வளவு சிக்கனமாக இவ்வளவு ஆழம் தந்த இன்னொரு யோசனை எனக்குத் தெரியவில்லை.

ஓர் உயிர் போனால்

சரி, இப்போது ஒரு குண்டு பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

34 கேப்ஸ்யூல் கொடுத்து வாங்கிய எல்லாமே போய்விடும். வேகமும் போகும், உருண்டைகளும் போகும். கப்பல் செத்த இடத்தில் மீண்டும் வராது. நிலையின் முந்தைய தொடக்கப் புள்ளி ஒன்றுக்குப் பின்னால் இழுத்துப் போடப்படும். அங்கே நிற்பது நத்தை வேகத்தில் நகரும், ஒற்றைக் குண்டு சுடும் ஒரு கப்பல்.

முதல் நிலையில் இது நடந்தால் பரவாயில்லை, எதிரிகள் மெதுவாகத்தான் வருவார்கள். மூன்றாம் நிலையில் நடந்தால்? ஈஸ்டர் தீவின் மோவாய் சிலைகள் வரிசையாக நிற்கும் புகழ்பெற்ற நிலை அது. சிலைகளின் வாயிலிருந்து வளையம் வளையமாகக் குண்டு பறந்து வரும், வாய் திறந்திருக்கும்போது உள்ளே சுட்டால்தான் சிலை உடையும். லேசரும் நான்கு ஆப்ஷனும் இருக்கும்போது அது ஒரு திருவிழா. வெறுங்கையோடு வந்தால் ஒரு சிலையை உடைப்பதற்குள் மற்றவை திரையை வளையங்களால் நிரப்பிவிடும்.

இன்னும் உள்ளே போய்ப் பார்த்தால் வலை எங்கே பின்னப்பட்டிருக்கிறது என்று தெரியும். கேப்ஸ்யூல் வேண்டுமானால் எதிரிகளைக் கொல்ல வேண்டும். எதிரிகளைக் கொல்ல ஆயுதம் வேண்டும். ஆயுதத்துக்குக் கேப்ஸ்யூல் வேண்டும். வசதியாக இருக்கிறவருக்கு மேலும் மேலும் குவியும், ஒரு முறை விழுந்தவர் மறுபடி மறுபடி விழுவார். மூன்று உயிர் என்று திரையில் எழுதியிருந்தாலும், பாதி கேமைத் தாண்டிய பிறகு புதியவருக்கு நடைமுறையில் இருப்பது ஓர் உயிர்தான். முதல் சாவோடு அந்த ஆட்டம் முடிந்துவிட்டது. மீதி இரண்டு உயிரும் அதை உறுதிப்படுத்த மட்டுமே உதவும்.

ஆர்கேட் வியாபாரத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது புரியக்கூடியதுதான். ஒரு நாணயத்துக்கு ஒருவர் மணிக்கணக்கில் ஆடினால் கூடக்காரருக்கு நஷ்டம். கிரேடியஸை முடித்தாலும் அது முடியாது, இன்னும் கடுமையாக முதலில் இருந்து தொடங்கும். கூடவே, நாம் பலமாக ஆக ஆக எதிரிகளும் அதிகமாகச் சுடும்படி கடினம் உள்ளுக்குள் தானாக ஏறும். கெட்டிக்காரரைத் தடுக்க வைத்த இந்த ஏற்பாடுகளோடு, விழுந்தவரை எழவிடாத விதியும் சேர்ந்துகொண்டது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, அதை நான் மதிக்கிறேன். ஜப்பானிய ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு தொடக்கப் புள்ளியிலிருந்தும் வெறுங்கையோடு எழுந்து வர என்னென்ன செய்ய வேண்டும் என்று வழி வகுத்து வைத்திருந்தார்கள். எந்த எதிரியிடம் கேப்ஸ்யூல் இருக்கிறது, எதை விட்டுவிட வேண்டும், எந்த இடத்தில் ஒதுங்க வேண்டும் என்று அடிக்கு அடி மனப்பாடம். அப்படி மீள்வது சாகாமல் ஆடுவதைவிடப் பெரிய திறமை, பெரிய சந்தோஷம் என்பார்கள். உண்மைதான். ஒரு மீட்பு ஆட்டத்தைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் அந்தச் சந்தோஷம் நூறு பேரில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்? மற்றவர்கள் கேமின் பின்பாதியைப் பார்க்காமலேயே போனார்கள். ஆறு கட்டங்களும் நான்கு உருண்டைகளும் தரக்கூடிய உச்சம் அந்தப் பின்பாதியில்தான் இருந்தது.

ஹாஷிமோட்டோ தனக்குக் கொடுத்துக்கொண்டது

இனி 1986க்கு வருவோம். ஹாஷிமோட்டோ 1981ல் கோனாமியில் சேர்ந்தவர். ஃபேமிகாம் ஆர்கேட் வன்பொருளைவிட மிகவும் எளியது. ஒரே கிடைக்கோட்டில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் அதனால் காட்ட முடியாது. நான்கு உருண்டைகளும் அவற்றின் குண்டுகளும் எதிரிகளும் ஒன்றாகத் திரையில் வருவது அதற்குத் தாங்காது. அந்தப் பதிப்பில் ஆப்ஷன் இரண்டுதான். நம் விலைக் கணக்கில் 34 என்பது 24 ஆகக் குறைந்தது. ஆனால் சாவின் விதி மாறவில்லை.

மாற்றும் வேலையில் கடைசி நிலைவரை எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு அங்கே போய்ச் சேர வேண்டும். பின்னாளில் ஒரு பேட்டியில் ஹாஷிமோட்டோ இதை எளிமையாகவே சொன்னார்: ஆர்கேட் பதிப்பை அவர் அதிகம் ஆடியதில்லை, கேமை முடிக்கும் அளவுக்குத் திறமை இல்லை, அதனால் குறியீட்டை வைத்தார். பயன்படுத்தப் போவது அவரே என்பதால் நினைவில் நிற்கும் வரிசையாகப் பார்த்துக்கொண்டார். ஜோடி ஜோடியாக மேலே, கீழே, பிறகு இடம், வலம். கேமை நிறுத்தி வைத்து அழுத்தினால் வேலை செய்யும். அது நீக்கப்படாமலேயே விற்பனைக்குப் போய்விட்டது.

அந்தக் குறியீடு என்ன கொடுத்தது என்பதுதான் என் கவனத்தை ஈர்ப்பது. சோதிக்கிறவர் தனக்கு வசதி செய்துகொள்ள எத்தனையோ வழி உண்டு. குண்டு பட்டாலும் சாகாத கப்பல் வைக்கலாம். தொண்ணூற்றொன்பது உயிர் வைக்கலாம். வேண்டிய நிலைக்கு நேராகத் தாவும் வசதி வைக்கலாம். ஹாஷிமோட்டோ இவற்றில் எதையும் வைக்கவில்லை. ஏவுகணை, ஆப்ஷன், கவசம் என்று ஆயுதங்களைக் கைக்குத் தந்தது அந்த வரிசை. கிரேடியஸில் உயிருக்கு மதிப்பில்லை, ஆயுதத்துக்குத்தான் மதிப்பு என்பதை அவர் கை அறிந்திருந்தது. ஆயுதமில்லாத பத்து உயிரைவிட ஆயுதமுள்ள ஓர் உயிர் தூரம் போகும். கேமின் பெரிய ஓட்டையை அதைக் கட்டியவர் எங்கே கண்டாரோ, சரியாக அந்த இடத்தில்தான் ஒட்டுப் போட்டார்.

1988ல் வந்த கன்சோல் கான்ட்ராவில் அதே வரிசை 30 உயிர் தந்தது. அங்கே அது சரி. கான்ட்ராவில் செத்த இடத்திலேயே மீண்டும் குதித்து வருகிறோம். துப்பாக்கி போனாலும் அடுத்த நிமிடம் இன்னொன்று பறந்து வரும். எனவே அங்கே உயிர்தான் நாணயம். இரண்டு கேமுக்கும் வரிசை ஒன்றே என்றாலும் அது ஈடுகட்டிய குறை வேறு.

1990களில் நம் ஊர் வீடுகளில் டிவியோடு இணைத்து ஆடிய கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை ஃபேமிகாமின் நகல்கள்தான். கான்ட்ரா இல்லாத கேசட் அபூர்வம். தமிழ்நாட்டில் அந்தத் தலைமுறைக்கு இந்த வரிசையின் அறிமுகம் கான்ட்ரா வழியாகத்தான் பெரும்பாலும் நடந்தது. விக் வைப்பரைப் பார்க்காமலேயே அதற்காகச் செய்த சாவியை நாம் கையில் வைத்திருந்தோம்.

ஹாஷிமோட்டோ 2020 பிப்ரவரி 25 அன்று, தன் 61வது வயதில் காலமானார். கேம் நிறுவனங்களும் ரசிகர்களும் அந்தப் பத்து அழுத்தங்களைத் திரும்ப எழுதியே அவருக்கு அஞ்சலி செலுத்தினார்கள்.

கோனாமியே எழுதிய பதில்கள்

ஒரு நிறுவனம் தன் கேமின் குறையைத் தானே உணர்ந்திருந்ததா என்று தெரிந்துகொள்ள அடுத்தடுத்து அது என்ன செய்தது என்று பார்த்தால் போதும்.

1986ல் வந்த சாலமாண்டர் முதல் பதில். இருவர் ஒன்றாக ஆடலாம். சில நிலைகள் பக்கவாட்டிலும் சில மேல்நோக்கியும் ஓடும். ஆறு கட்டங்கள் இல்லை. எடுத்த ஆயுதம் உடனே கைக்கு வரும். செத்தால் அதே இடத்தில் மீண்டும் வரலாம், சிதறிய உருண்டைகளைப் பிடித்துக்கொள்ளலாம். சாவின் வலி வெகுவாகக் குறைந்தது. ஆனால் தேர்வின் சுவையும் போய்விட்டது. அடுத்த வருடம் அதையே லைஃப் ஃபோர்ஸ் என்ற பெயரில் ஜப்பானில் மறுபடி வெளியிட்டபோது ஆறு கட்டங்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நோயைத் தீர்க்கும்போது மருந்தோடு உயிரும் போய்விடக் கூடாது என்று அவர்களுக்கே பட்டிருக்க வேண்டும்.

1987ல் எம்எஸ்எக்ஸ் கம்ப்யூட்டருக்கு வந்த நெமசிஸ் 2 இன்னொரு திசையில் யோசித்தது. பெரிய எதிரிக் கப்பலைத் தோற்கடித்ததும், அது வெடிப்பதற்குள் உள்ளே நுழைந்து புதிய ஆயுதம் எடுத்து வரலாம். 1988ன் ஆர்கேட் கிரேடியஸ் 2 ஆட்டம் தொடங்கும் முன்பே நான்கு ஆயுதத் தொகுப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. தேர்வு ஒரு படி முன்னால் நகர்ந்தது. அதே கேமில் உருண்டைகளைத் திருடிக்கொண்டு போக ஒரு எதிரியையும் விட்டார்கள். அதாவது கொடுப்பதையும் கூட்டினார்கள், பிடுங்குவதையும் கூட்டினார்கள். 1989ன் ஆர்கேட் கிரேடியஸ் 3ல் ஆயுதங்களை நாமே கலந்து அமைக்க முடிந்தது, ஆனால் கடினம் எல்லை தாண்டியிருந்தது. இந்த கேம் வரிசையிலேயே பழகியவர்களையும் அது விரட்டியது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அந்த கேம் ஃபேமிகாமுக்கு அடுத்து வந்த சூப்பர் ஃபேமிகாம் கன்சோலுக்கு வந்தபோது ஒரு சின்ன விளையாட்டுக் காட்டினார்கள். பழைய பத்து அழுத்தங்களை அப்படியே கொடுத்தால் முழு ஆயுதமும் வரும், அடுத்த கணம் கப்பல் வெடித்துவிடும். இடது, வலதுக்குப் பதிலாகக் கன்ட்ரோலரின் தோள் பட்டன்களை அழுத்தினால்தான் உண்மையாகக் கிடைக்கும். தற்செயலாகத் தங்கிப்போன ஒட்டு, அதற்குள் வீட்டு மரபாகியிருந்தது.

இதே காலத்தில் பரோடியஸ் என்ற கேலி வரிசையும் தொடங்கியது. ஆக்டோபஸும் பெங்குவினும் அதே ஆறு கட்டங்களின் முறையில் சுட்டுக்கொண்டு போகும். பகடி செய்யும் அளவுக்கு அந்தக் கட்டங்கள் எல்லோருக்கும் பழகியிருந்தன.

முழுமையான பதில் வர 2004 ஆயிற்று. டிரெஷர் நிறுவனம் கோனாமிக்காக உருவாக்கிய கிரேடியஸ் 5ல் ஆறு கட்டங்கள் இருந்தன, தேர்வு இருந்தது, கடினமும் இருந்தது. ஆனால் செத்த இடத்திலேயே மீண்டும் வரலாம், விட்டுப்போன உருண்டைகள் மிதந்துகொண்டிருக்கும்போது பாய்ந்து பிடித்துக்கொள்ளலாம். பழைய முறைதான் வேண்டும் என்பவர்கள் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். உருண்டைகளையும் நிறுத்தி வைக்கலாம், சுழற்றலாம், சுடும் திசையைத் திருப்பலாம். 1985ன் யோசனையைச் சேதமில்லாமல் காப்பாற்றியபடி அதன் தண்டனையை மட்டும் பிரித்தெடுத்த பதிப்பு இதுதான் என்பேன். இந்த வரிசையில் எதைச் சிறந்ததாகச் சொல்வாய் என்றால் தயங்காமல் இதைச் சொல்வேன்.

வெளியே போன தாக்கம்

டோப்பிளான் நிறுவனம் உருவாக்கி 1986ல் வந்த ஸ்லாப் ஃபைட், நகரும் வெளிச்சமும் கட்டங்களுமாக இந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டு மேல்நோக்கி ஓடும் கேமில் பொருத்தியது. 1987ல் ஐரெம் வெளியிட்ட ஆர்-டைப் வேறு வழியில் போனது. அதில் ஃபோர்ஸ் என்ற அழியாத உருண்டையைக் கப்பலின் முன்னாலோ பின்னாலோ பொருத்தலாம், கழற்றி எறியலாம். கப்பலுக்கு வெளியே இருக்கும் ஒரு துணையை எங்கே வைப்பது என்பதே ஆட்டம் என்ற எண்ணத்தில் ஆப்ஷனோடு அதற்குள்ள உறவு தெளிவு. செத்தால் எல்லாம் போய்ப் பின்னால் தள்ளப்படும் விதியும் அதில் அப்படியே இருந்தது. பக்கவாட்டுச் சுடும் கேம் என்றால் இப்படித்தான் என்று அந்தப் பத்தாண்டில் ஒரு பழக்கமே ஏற்பட்டுவிட்டது.

1990களில் குண்டு மழை கேம்கள் வந்ததும் அந்தப் பழக்கம் தளர்ந்தது. அவற்றில் உயிர் போனால் அதே இடத்தில் வருகிறோம், ஆயுதத்தில் கொஞ்சம்தான் குறைகிறது. வளர்வதற்குப் பதிலாக விலகுவதே ஆட்டத்தின் மையம் ஆனது. அந்த வகை எனக்கும் பிடிக்கும், ஆனால் எதை வாங்குவது, எப்போது வாங்குவது என்ற மனக்கணக்கு அங்கே அநேகமாக மறைந்துவிட்டது. ஸ்பெயினைச் சேர்ந்த லோகோமலிட்டோ 2010ல் இலவசமாகக் கொடுத்த ஹைடோரா போன்ற தனி மனித முயற்சிகள்தான் பழைய பக்கவாட்டு மரபை அன்போடு தூக்கிப் பிடித்தன.

2025 ஆகஸ்ட்டில் கோனாமி, எம்2 நிறுவனத்தோடு சேர்ந்து கிரேடியஸ் ஆரிஜின்ஸ் என்ற தொகுப்பை வெளியிட்டது. பழைய ஆர்கேட் கேம்களின் பல பதிப்புகளோடு சாலமாண்டர் 3 என்ற புத்தம் புதிய கேமும் அதில் இருக்கிறது. பழைய கேம்களுக்குப் பின்னோக்கி ஓட்டும் வசதியும் பயிற்சி வசதியும் உண்டு. இன்று புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தத் தொகுப்பில் முதல் கிரேடியஸை எடுத்து, முதல் கேப்ஸ்யூலை வேகத்துக்கே கொடுங்கள். இரண்டாவது வேகத்தையும் ஏவுகணையையும் எடுத்த பிறகு ஆப்ஷன் வரை பொறுத்துப் பாருங்கள். லேசர் அதற்கப்புறம் போதும். எரிமலையைத் தாண்டி முதல் பெரிய எதிரி வரும்போது ஒரு உருண்டையாவது கூட இருந்தால் மேலும் கீழும் அசைந்து அதன் மையத்தைச் சுடலாம். மோவாய் நிலையில் எல்லாம் பறிபோனால் பின்னோக்கி ஓட்டும் பட்டனைத் தயங்காமல் அழுத்துங்கள்.